அருங்காட்சியகம் போவோம்

அரும் + காட்சி + அகம் = அருங்காட்சியகம்.

'அரும்' என்றால் அரிய. எளிதில் கிடைக்காத என்று பொருள். 'அகம்' என்றால் வீடு. அரிய பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் வீடுதான் அருங்காட்சியகம்.

இது புத்தகத்தில் உள்ள பெயர். மக்கள் வைத்த பெயர்கள் வேறு. சென்னை எழும்பூரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் அதைச் 'செத்த காலேஜ்' என்றார்கள். மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றார்கள். கல்கத்தா மக்கள் தங்கள் ஊர் அருங்காட்சியகத்தை 'ஜாதுகர்' என்பார்கள். மாய வீடு என்று பொருள். இந்தி பேசும் ஊர்களில் 'அஜாயப் கர்' என்பார்கள். அதிசய வீடு என்று பொருள்.

அது செத்த வீடா, அதிசய வீடா? உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் பாடத்தில் டில்லி தேசிய அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்ப்போம், வாருங்கள்.

கண்காட்சி நிலைத்த கதை

1947-ஆம் ஆண்டு நம் நாடு விடுதலை பெற்றது. அந்த ஆண்டு குளிர்காலத்தில் லண்டன் நகரில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அது இந்திய நாட்டுக் கலைகளின் கண்காட்சி. பல ஊர்களில் இருந்த சிலைகளும் ஓவியங்களும் கடல் கடந்து லண்டன் போயின.

கண்காட்சி 1948-இல் முடிந்தது. பொருள்கள் திரும்பி வந்தன. அவற்றை நம் மக்களும் பார்க்க வேண்டாமா? டில்லியில் கவர்னர் ஜெனரல் மாளிகையின் பெரிய அறைகளில் அவற்றை வைத்தார்கள். இன்று குடியரசுத் தலைவர் இருக்கிறாரே, அதே மாளிகைதான். மக்கள் வந்து பார்த்தார்கள். இந்தப் பொருள்களை நிரந்தரமாக ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுத்தது.

1949 ஆகஸ்டு 15 அன்று தேசிய அருங்காட்சியகம் அந்த மாளிகையிலேயே தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. 1955-இல் ஜன்பத் சாலையில் தனிக் கட்டடத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1960 டிசம்பரில் அந்தக் கட்டடத்தைத் துணைக் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

சில மாதம் நடக்க வேண்டிய கண்காட்சி இப்படித்தான் நிலைத்து நின்றது. இன்று அங்கே 2 லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைத்தான் காட்சிக்கு வைக்க முடிகிறது. அந்தப் பகுதியைப் பார்க்கவே ஒரு முழு நாள் வேண்டும்.

குறிப்புச் சீட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஒரு சிறிய குறிப்புச் சீட்டு இருக்கும். அதில் நான்கு செய்திகள் இருக்கும்.

1. பொருளின் பெயர் என்ன?
2. எந்த ஊரில் கிடைத்தது?
3. எந்தக் காலத்தைச் சேர்ந்தது?
4. எதனால் செய்தது? கல்லா, மண்ணா, செம்பா, மரமா?

டில்லியில் இந்தச் சீட்டுகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அதனால் தயங்க வேண்டாம். எண்களை நீங்கள் படிக்கலாம். மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களில் தமிழிலேயே படிக்கலாம்.

காலத்தைக் கணக்கிடுவது எப்படி? ஏசு பிறந்ததை ஒட்டி ஆண்டுகளை எண்ணுகிறோம். அதற்கு முந்திய காலம் கி.மு. பிந்திய காலம் கி.பி. நாம் கி.பி. 2000-ஐத் தாண்டி விட்டோம். கி.மு. 2500 என்று எழுதியிருந்தால் 2500-ஐயும் 2000-ஐயும் கூட்டுங்கள். 4500 வரும். அந்தப் பொருளுக்கு 4,500 ஆண்டுக்கு மேல் வயது.

நூற்றாண்டு என்றால் நூறு ஆண்டு. கி.பி. 12-ஆம் நூற்றாண்டு என்றால் 1101 முதல் 1200 வரை. இந்தக் கணக்குத் தெரிந்தால் போதும். யார் துணையும் இல்லாமல் காலத்தைப் புரிந்துகொள்ளலாம்.

அரைச் சாண் பெண்

முதலில் சிந்துவெளிக் கூடத்துக்குப் போவோம். சிந்து நதியை ஒட்டிய பகுதிகளில் 4,500 ஆண்டுகளுக்கு முன் பெரிய நகரங்கள் இருந்தன. சுட்ட செங்கல் வீடுகளும் கழிவுநீர் வாய்க்கால்களும் இருந்தன. அவற்றில் ஒரு நகரம் மொகஞ்சதாரோ. இன்று அது பாகிஸ்தானில் உள்ளது.

மொகஞ்சதாரோவில் 1926-இல் ஒரு சிறிய வெண்கலச் சிலை கிடைத்தது. அது ஒரு பெண்ணின் சிலை. உயரம் சுமார் பத்தரை சென்டிமீட்டர். அரைச் சாண்தான். ஆனால் அவள் நிற்கும் நிலையைப் பாருங்கள். ஒரு கை இடுப்பில் இருக்கிறது. இன்னொரு கை முழுக்க வளையல். தலையை நிமிர்த்தி, யாருக்கும் அஞ்சாமல் நிற்கிறாள்.

இவளை 'நடன மங்கை' என்கிறார்கள். அது பிற்காலத்தவர் வைத்த பெயர். இவள் ஆடினாளா, பாடினாளா, வீட்டு வேலை செய்தாளா, யாருக்கும் தெரியாது. செய்த கலைஞரின் பெயரும் தெரியாது.

அதே கூடத்தில் முத்திரைகளைப் பாருங்கள். தீப்பெட்டியை விடச் சிறிய சதுரக் கற்கள். அவற்றில் காளை, யானை, காண்டாமிருகம் செதுக்கி இருக்கும். மேலே சில எழுத்துக் குறிகள் இருக்கும்.

அந்தக் குறிகளின் பொருள் என்ன? நூறு ஆண்டுகளாக அறிஞர்கள் முயன்று வருகிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் யாரும் படிக்கவில்லை. இதைப் படித்துக் காட்டுவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது.

நண்பர்களே, இதை நினைத்துப் பாருங்கள். பல மொழி கற்ற பண்டிதரும் இந்த எழுத்துக்கு முன்னால் கைநாட்டுதான். எழுதப் படிக்கத் தெரியாதது யாருக்கும் அவமானம் இல்லை. கற்றுத் தருவார் இல்லாவிட்டால் எவருக்கும் அந்த நிலைதான்.

இந்தக் கூடத்தில் ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. 1947-இல் நாடு பிரிந்தது. மொகஞ்சதாரோப் பொருள்களையும் இரு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. வெண்கலப் பெண் இந்தியாவுக்கு வந்தாள். அங்கே கிடைத்த புகழ்பெற்ற தாடிக்காரர் சிலை பாகிஸ்தானிடம் உள்ளது. ஒரு மணி மாலையைக்கூட இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். 4,000 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த மாலை அது.

'தானம்' என்ற ஒரு சொல்

அடுத்து அசோகர் காலம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. அசோகர் தம் ஆணைகளைப் பாறைகளிலும் தூண்களிலும் வெட்டி வைத்தார். குசராத்தில் கிர்நார் என்ற மலை அடியில் அப்படி ஒரு பெரிய பாறை உண்டு. அதன் நகல் ஒன்றை இந்த அருங்காட்சியக வளாகத்தில் காணலாம்.

பாறையில் என்ன எழுதி இருக்கிறது? மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்தது, வழி நெடுக மரம் நட்டது, கிணறு வெட்டியது எல்லாம் இருக்கிறது. சோழர், பாண்டியர் பெயர்களும் அதில் வருகின்றன. அவர்கள் நாட்டிலும் இந்த மருத்துவ உதவி உண்டு என்கிறது அந்த ஆணை.

இந்த எழுத்துக்குப் பிராமி என்று பெயர். காலப்போக்கில் அதைப் படிக்கும் வழக்கம் அடியோடு மறைந்தது. 14-ஆம் நூற்றாண்டில் டில்லியை ஆண்ட சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் ஓர் அசோகர் தூணைப் பெயர்த்து டில்லிக்குக் கொண்டு வந்தார். பண்டிதர்களை அழைத்துப் படிக்கச் சொன்னார். ஒருவராலும் முடியவில்லை.

கடைசியில் 1837-இல் அது படிக்கப்பட்டது. படித்தவர் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர். கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்தவர். அவருக்கு வழி காட்டியது அரசர் வெட்டிய கல்வெட்டு அன்று. மத்தியப் பிரதேசத்தில் உள்ள சாஞ்சி தூபியின் கல் வேலியில் சிறு சிறு எழுத்து வரிகள் இருந்தன. பல வரிகள் ஒரே எழுத்துகளில் முடிந்தன. கோயிலுக்குக் கொடுப்பவர்கள் எழுதி வைக்கும் சொல் என்னவாக இருக்கும் என்று யோசித்தார். 'தானம்' என்று ஊகித்தார். அது சரியாக இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளையும் படித்தார்.

நீங்களும் இப்படித்தான் கற்றீர்கள். 'படம்' என்ற சொல்லில் தொடங்கி 'ப', 'ட', 'ம்' என்று பிரித்தீர்கள் அல்லவா?

சாஞ்சியில் தானம் கொடுத்தவர்கள் யார்? நெசவாளர், வணிகர், தந்த வேலை செய்பவர், துறவிப் பெண்கள், குடும்பப் பெண்கள். தங்கள் பெயரைக் கல்லில் எழுதி வைத்ததால் 2,000 ஆண்டுக்குப் பிறகும் அவர்களைத் தெரிந்துகொள்கிறோம்.

மண்ணும் பேசும்

இனி சுடுமண் சிலைகளைப் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்தில் அகிச்சத்திரம் என்று ஒரு பழைய ஊர். அங்கே ஒரு சிவன் கோயில் படிக்கட்டின் இரு பக்கமும் இரண்டு பெண் சிலைகள் இருந்தன. ஒன்று கங்கை. இன்னொன்று யமுனை. கங்கை முதலை போன்ற விலங்கின் மேல் நிற்கிறாள். யமுனை ஆமையின் மேல் நிற்கிறாள். காலம் கி.பி. 5-ஆம் நூற்றாண்டு அளவில்.

இரண்டும் ஏறக்குறைய ஆள் உயரம். இரண்டும் வெறும் களிமண். இவ்வளவு பெரிய மண் உருவத்தை வெடிக்காமல் சுடுவது எளிதா? மண்ணைப் பக்குவமாகப் பிசைய வேண்டும். உள்ளே குடைவாக விட வேண்டும். நன்றாகக் காய வைக்க வேண்டும். சூளையின் சூடு ஒரே சீராக இருக்க வேண்டும். நம் ஊர் ஐயனார் கோயில் குதிரையைச் செய்யும் வேளாரைக் கேளுங்கள். அந்த வேலையின் அருமையை அவர் சொல்வார்.

மெழுகு உருகி வெண்கலம் ஆகும்

அடுத்தது வெண்கலச் சிலைகளின் கூடம். இங்கே நம் சோழ நாட்டுச் சிலைகள் நிற்கின்றன. ஆடும் நடராசர் இருக்கிறார். காளிங்கன் என்ற பாம்பின் மேல் ஆடும் கண்ணன் இருக்கிறான். உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் வந்து இவற்றைப் பார்த்து நிற்கிறார்கள்.

இந்தச் சிலைகளை எப்படிச் செய்தார்கள்?

முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து மெழுகால் உருவம் செய்வார்கள். அதன் மேல் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசுவார்கள். மண் காய்ந்ததும் சூடாக்குவார்கள். உள்ளே உள்ள மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே வெற்றிடம் இருக்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். சிலை கிடைக்கும். அச்சு உடைந்து போவதால் அதே அச்சில் இன்னொரு சிலை செய்ய முடியாது. ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான்.

கும்பகோணம் அருகே சுவாமிமலையில் தபதிகள் இன்றும் இப்படித்தான் சிலை வார்க்கிறார்கள். மெழுகை உருக்கி வார்க்கும் இந்த முறைதான் மொகஞ்சதாரோ வெண்கலப் பெண்ணுக்கும் உயிர் கொடுத்தது. 4,500 ஆண்டு பழைய தொழில் இன்னும் சாகவில்லை. பிறகு எப்படி இதைச் செத்த காலேஜ் என்று சொல்வது?

அணில் முடித் தூரிகை

கடைசியாக ஓவியக் கூடம். இங்கே உள்ள ஓவியங்கள் பல கையகலமே இருக்கும். கையில் பிடித்துப் பார்ப்பதற்காக வரைந்தவை. அரசர்கள், வேட்டை, கண்ணன் கதை, மழைக்காலம் என்று எல்லாம் இருக்கும். மொகலாய மன்னர்களும் இராஜஸ்தான் அரசர்களும் இமயமலை அடிவாரத்துச் சிற்றரசர்களும் ஓவியர்களை வைத்து வரையச் செய்தார்கள்.

தூரிகை அணில் வால் முடியால் ஆனது. வண்ணங்களைக் கல்லையும் செடியையும் அரைத்து எடுத்தார்கள். ஒருவர் கோடு வரைவார். மற்றொருவர் வண்ணம் தீட்டுவார். பெரும்பாலான ஓவியர்களின் பெயர் தெரியாது. சிலர் பெயர் மட்டும் தெரியும். ஜகாங்கீர் மன்னரிடம் இருந்த மன்சூர் பறவைகளையும் விலங்குகளையும் உயிருள்ளவை போல வரைந்தார். 18-ஆம் நூற்றாண்டில் மலை நாட்டில் வாழ்ந்த நயின்சுக் தம் அரசரின் அன்றாட வாழ்க்கையை வரைந்தார். பெயர் எழுத்தில் இருப்பதால் இவர்களை நாம் பாராட்ட முடிகிறது.

பொருளைக் காத்தது பதிவு

எழுத்தும் படமும் இன்னொரு வேலையும் செய்யும். திருட்டுப் போனதை மீட்டுக் கொடுக்கும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஒரு பழைய சிவன் கோயில் உண்டு. அங்கிருந்த சோழர் கால நடராசர் திருட்டுப் போனார். 2008-இல் ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் அந்தச் சிலையைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது. அது நம் ஊர்ச் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே கோயில் கோயிலாகச் சென்று சிலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தது. அந்தப் படம் உதவியது. 2014-இல் சிலை இந்தியா திரும்பியது.

ஆகவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கிணறு தோண்டும்போதோ உழும்போதோ சிலை, பழங்காசு, நகை கிடைத்தால் மறைக்கக் கூடாது. விற்கக் கூடாது. உருக்கக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ உடனே சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும். பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கடத்துவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் ஊர்க் கோயிலில் எத்தனை சிலை உண்டு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்தவர் ஊருக்குச் செய்யும் நல்ல காரியம் அது.

எங்களை உள்ளே விடுவார்களா?

பலர் கேட்கும் கேள்வி இது. விடுவார்கள். நுழைவுச் சீட்டு வாங்கினால் போதும். படிப்பு எவ்வளவு, என்ன தொழில் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே இருப்பவை அரசாங்கத்தின் பாதுகாப்பில் உள்ள மக்கள் சொத்து. குயவரும் கன்னாரும் தச்சரும் நெசவாளரும் செய்தவை. அவர்கள் வழி வந்தவர்களுக்கு அங்கே உரிமை உண்டு.

போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

பொருள்களைத் தொடக் கூடாது. கையின் வியர்வையும் எண்ணெயும் பழம்பொருளைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்க வேண்டாம். ஒரு கூடத்தில் ஐந்து பொருளை நின்று பாருங்கள். அது போதும்.

டில்லி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற ஊர்களில் விடுமுறை நாள் வேறாக இருக்கும். கேட்டுக்கொண்டு போங்கள். டில்லியில் தலைமைச் செயலகத்தின் பழைய கட்டடங்களில் புதிய தேசிய அருங்காட்சியகம் அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2023-இல் அறிவித்தது. ஆகவே டில்லி போகிறவர்கள் எந்த இடம் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

டில்லி தூரம்தான். அருகிலும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அங்கும் சோழர் வெண்கலங்கள் உள்ளன. தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம் உண்டு. பல மாவட்டத் தலைநகரங்களில் அரசு அருங்காட்சியகம் உண்டு. மதுரை பக்கம் கீழடியில் 2023-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே பானை ஓடுகளைப் பாருங்கள். சிலவற்றில் 'ஆதன்' போன்ற பெயர்கள் பழைய தமிழ் எழுத்தில் கீறி இருக்கும். சோற்றுப் பானையில், தண்ணீர்ப் பானையில் பெயர் எழுதிய சாதாரண மக்கள் 2,000 ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தார்கள்.

பல அருங்காட்சியகங்களில் வெளியே வரும் வழியில் பார்வையாளர் பதிவேடு இருக்கும். அதில் உங்கள் பெயரை எழுதுங்கள். ஊரை எழுதுங்கள். எந்தப் பொருள் பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள்.

புதிய சொற்கள்

சுடுமண் – சூளையில் சுட்ட களிமண்
தூரிகை – வண்ணம் தீட்டும் முடிக்கோல்
தூபி – புத்த சமயத்தாரின் வட்டமான நினைவுக் கட்டடம்
தபதி – சிலை செய்பவர்
முத்திரை – அடையாளம் பதிக்க உதவும் கல் அல்லது உலோகத் துண்டு

கணக்குப் பயிற்சி

1. கி.மு. 300-ஐச் சேர்ந்த பானைக்கு இன்று சுமார் எத்தனை வயது?
2. கி.பி. 5-ஆம் நூற்றாண்டு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை?

கலந்து பேசுங்கள்

1. மொகஞ்சதாரோ மாலையை இரண்டாகப் பிரித்தது சரியா? வேறு என்ன செய்திருக்கலாம்?
2. உங்கள் ஊரில் எந்தக் கைத்தொழில் அழிந்து வருகிறது? அதைச் செய்தவர்களின் பெயர் யாருக்காவது நினைவில் உண்டா?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் ஒன்றை எடுங்கள். அம்மி, உரல், மரக்கால், பித்தளைச் செம்பு, எதுவானாலும் சரி. அதற்கு ஒரு குறிப்புச் சீட்டு எழுதுங்கள். பெயர், ஊர், காலம், எதனால் செய்தது என்ற நான்கும் இருக்கட்டும். செய்தவர் பெயர் தெரிந்தால் அதையும் ஐந்தாவதாக எழுதுங்கள்.